பஸ்ஸில் போகிறவர் எத்தனை பேர்

ஐம்பதுகளின் நடுவில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர், தேன்கனிக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஒரு தெருவில் தெலுங்கு, அடுத்த தெருவில் கன்னடம், ஏரிக்கரையில் தமிழ். சண்டை வந்தால் மூன்றையும் கலந்து திட்டுவார்கள். ஊருக்கெல்லாம் சேர்த்து நான்கு மாட்டுவண்டி, ஒரு சைக்கிள். சைக்கிள் மணியக்காரருடையது. அவர் அதில் ஏறிப் போனதைவிடத் தள்ளிக்கொண்டு போனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என் அம்மா பர்கூரில் படுத்த படுக்கையாக இருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம் நான் அவளைப் பார்க்கவில்லை. வண்டி கேட்டால், ராகிக் கொல்லையில் யானை புகாமல் காவல், ஓட்ட ஆள் இல்லை என்பார்கள். பிறகு அறுப்பு என்பார்கள். அறுப்பும் முடிந்துவிட்டால் மாட்டுக்குக் கால் நோவு வந்துவிடும்.

"பஸ் வரட்டும், போவியாம்" என்பாள் மாமியார். வராது என்ற தைரியம்தான்.

ஆனால் ஓசூரில் பஸ் விடும் முதலாளி ஒருவர் தன் குமாஸ்தாவை அனுப்பினார். ஆள் ஏறும் என்று தெரிந்தால் பஸ்ஸை எங்கள் ஊருக்குள் திருப்புவதாக யோசனை. குமாஸ்தா நோட்டோடு வீடு வீடாக வந்து, பஸ் விட்டால் எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: ஒருத்தர். சந்தைக்குப் போகிற ஆண்பிள்ளை. பெண்கள் எங்கேயும் போகிறவர்கள் இல்லை; வண்டியில் மூட்டைக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் யாராவது கூட்டிப்போவார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. பொய் சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன்.

எங்கள் வீட்டில் மாமியார் பதில் சொன்னாள். "எம் மவன் ஒருத்தன்தான்."

குமாஸ்தா என்னைப் பார்த்தார்.

"இவ எங்க போவப் போறா?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். அங்கே இருந்த பெண்களிடம் அதே கேள்வியைக் கேட்டேன். ஒருத்திக்கு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொருத்திக்கு அக்கா வீடு. ஒருத்தி, எங்கேயும் இறங்காமல் சும்மா உட்கார்ந்து போய்த் திரும்பினால் போதும் என்றாள். எல்லோருமாகக் குடத்தோடு போய், ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த குமாஸ்தாவை மறித்தோம். மூன்று பாஷையிலும் ஒரே நேரத்தில் கத்தினோம். "ஒவ்வொருத்தரா சொல்லுங்கம்மா" என்று அந்த மனிதர் புளியமரத்தடியில் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து எழுதினார்.

மூன்று மாதத்தில் பஸ் வந்தது. நான் பையைக் கட்டி வைத்திருந்தேன். மாமியார் எனக்கு முன்னால் புதுப்புடவையோடு நின்றாள். ஆனேக்கல் பக்கத்தில் இருக்கும் தன் பிறந்த ஊருக்குப் போகிறாளாம். அவளுக்கும் ஒரு பிறந்த ஊர் இருப்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. மகனைக்கூடத் துணைக்குக் கூப்பிடவில்லை.

"நீ வூட்டப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக ஏறினாள்.

அன்று முழுக்க அவளை நான் வெறுத்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். கால்கூடக் கழுவாமல் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"எல்லாரும் நல்லா இருக்காங்களா அத்தே?"

"யார் இருக்கா? எங்கண்ணன் பேரனோட பொண்டாட்டிதான் கதவத் தெறந்தா. யாரு வேணும்னு கேட்டா." சொம்பைக் கீழே வைத்தாள். "நான் பொறந்த வூடு. என்னப் பாத்து, யாரு வேணும்னு கேட்டா."

அவள் எழுந்து போய், மூலையில் கிடந்த என் பையை அவிழ்த்து, இரண்டு படி ராகி மாவை அதில் கொட்டிக் கட்டினாள்.

"காலைல மொத பஸ்ஸுக்கு நீ கெளம்பு" என்றாள். "உன்னத் தெரிஞ்சவ அங்க இருக்கறப்பவே போயிட்டு வா."