சூனியக்காரி நல்லவளான கதை

தையல்கடைக்காரிக்கு வாய் நீளம். அளவு கொடுக்க வந்தவரிடமே, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவில் என்னத்தைத் தின்றீர்கள் என்று கேட்பாள். அப்படியும் வாடிக்கை குறையவில்லை என்றால், தையல் அப்படி. கல்யாணம் காட்சி என்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. கீழே தம்பி குடும்பம், மாடியில் அவள்.

தம்பி மனைவி ஒரு மாயக் குறுநாவல் எழுதினாள். அதில் ஒரு சூனியக்காரி. பொய் சொல்கிறவர்களின் செருப்பைக் குரைக்க வைப்பாள். சின்னப் புத்தகம்தான், ஆனால் படித்தவர்களெல்லாம் அந்தக் கிழவியைக் கொண்டாடினார்கள். தையல்கடைக்காரிக்கு முதல் பக்கத்திலேயே ஆள் தெரிந்துவிட்டது. சூனியக்காரி வாயில் வந்த வசவெல்லாம் இவள் வசவு, ஓர் எழுத்துப் பிசகவில்லை. கொஞ்ச நாள் தம்பி மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கடையிலேயே நாலு பிரதி வாங்கி வைத்து, இந்தச் சூனியக்காரி யார் தெரியுமா என்று வருகிறவர்களைக் கேட்க ஆரம்பித்தாள். தலைகால் புரியாத பெருமை.

இரண்டாம் பாகம் வந்த அன்று கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படித்தாள். சப்பென்று இருந்தது. சூனியக்காரி யாரையும் சபிக்கவில்லை. குருவிக்குத் தானியம் போடுகிறாள், கேட்டவர்களுக்கெல்லாம் வரம் கொடுக்கிறாள், ஊரே அவளைச் சுற்றி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. ஒரு செருப்புகூடக் குரைக்கவில்லை. உப்புச் சப்பில்லை என்று பத்திரிகைகளும் எழுதின. மற்றவர்களுக்கு ஏமாற்றம், அவளுக்குச் சந்தேகம்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால், ஆடுதான் உஷாராக இருக்க வேண்டும். வீட்டிலும் சில மாதமாக எல்லாம் இனிப்பாகவே நடந்தது. தம்பி குரலை உயர்த்துவதில்லை. தம்பி மனைவி மாடி ஏறி வந்து பாத்திரம் கழுவிக் கொடுக்கிறாள். எப்போதிருந்து என்று யோசித்துப் பார்த்தாள். வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்ததிலிருந்து. அன்று டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தம்பியிடம்தான் பேசினார். வெறும் புண், மாத்திரையில் ஆறிவிடும் என்றான் தம்பி. அதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவன் செருப்பு அன்றைக்குக் குரைத்திருக்க வேண்டும்.

மறுநாள் பாத்திரம் கழுவ வந்தவளிடம், புத்தகம் குப்பை, காகிதத்துக்குப் பிடித்த கேடு என்று சொல்லிப் பார்த்தாள். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள், ஆமாம், சரியாக வரவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டாள். தையல்கடைக்காரி நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னை எதுக்குடி நல்லவளாக்கின?"

"உங்களை வச்சு வேடிக்கையா எழுதக் கை வரலைக்கா."

"செத்தவங்களைப் பத்திதான் இப்படியெல்லாம் எழுதுவாங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

குழாயை மூடக்கூடத் தோன்றாமல் தம்பி மனைவி அழுதாள். புண் இல்லை, கட்டி, பரவிவிட்டது, அறுக்க முடியாது என்று அழுகைக்கு நடுவே சொன்னாள். தையல்கடைக்காரிக்குப் பயமாக இருந்தது. இதற்குச் சந்தேகமே தேவலை என்று தோன்றியது. எழுந்து போய்க் குழாயை மூடினாள். இரண்டாம் பாகத்தை எடுத்து வந்து அவளுடைய ஈரக் கையில் திணித்தாள்.

"இதை விட்டுத் தொலை. மூணாவது எழுது, அதுல நான் திட்டணும்."

தம்பி மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.

"கொஞ்சம் சீக்கிரமா எழுது," என்றாள் தையல்கடைக்காரி. "நான் படிக்கணும்."