சைக்கிள் கேஸ் முடிந்த நாள்

சைக்கிளுக்கெல்லாம் கோர்ட்டா என்று சிரிக்காதீர்கள். டெல்லி மோதி பாக்கில் ஒற்றை அறையில் குடியிருந்த ஜோதிலிங்கமும் அப்படித்தான் நினைத்திருந்தார், சரோஜினி நகர் மார்க்கெட் பக்கம் ஏகாம்பரத்தின் காலை உடைக்கிற வரைக்கும்.

தப்பு முழுக்க ஜோதிலிங்கத்தின் மேல்தான். பிரேக் கட்டை தேய்ந்து மாசக்கணக்காகிவிட்டது. நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்றே ஓட்டிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு ஹேண்டில்பாரில் காய்கறிப் பை. அது முன்சக்கரத்தில் உரசியது. அதை விலக்கக் குனிந்தவர், பால் வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்த மனிதரைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது பிரேக் பிடிக்கவில்லை. அஜாக்கிரதையாக ஓட்டிப் படுகாயம் உண்டாக்கியதாகப் போலீஸ் வழக்குப் போட்டு, சைக்கிளையும் கொண்டுபோய்விட்டது.

ஜோதிலிங்கம் சர்க்கார் ஆபீஸில் தபால் பிரிவு குமாஸ்தா. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளைகுட்டி கிடையாது. தண்டனை கிடைத்தால் வேலை போய்விடுமே என்று நடுங்கிக்கொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு ஏகாம்பரம் வீட்டுக்குப் போனார். திட்டு வாங்கப் போன மனுஷனுக்கு ஏகாம்பரத்தின் மனைவி தங்கம் தட்டு வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணே."

அண்ணே! டெல்லிக்கு வந்த நாளாக அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆபீஸில் அவர் வெறும் மதராஸி பாபு. சோற்றைப் பிசைந்தபடி தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியதை யாரும் பார்த்துவிடக் கூடாதே!

அப்புறம் விடுவாரா? ஞாயிறு தவறாமல் ஆஜர். மருந்து வாங்கி வருவார், ஏகாம்பரத்தைக் கைத்தாங்கலாக நடக்க வைப்பார், சீட்டாடித் தோற்பார். திங்கட்கிழமை முதல் மறுபடியும் பேச ஆளில்லை.

"அவர் சமாதானமாப் போறேன்னா கேஸ் முடிஞ்சுடும். வாயைத் திறந்து கேளுமேன் ஓய்!" என்று வக்கீல் சேஷு தலையில் அடித்துக்கொண்டார். ஜோதிலிங்கம் கேட்கவில்லை. கேஸ் முடிந்தால் எந்தச் சாக்கில் அந்தப் படியேறுவது? குற்றவாளியே வாய்தா வாங்கிக்கொண்டிருந்த கூத்தை எங்கே போய்ச் சொல்ல! வேலை போகிற பயத்தைவிட அந்த வீடு போகிற பயம் அவருக்குப் பெரிதாகிவிட்டது.

ஆனால் ஏகாம்பரம் நல்ல மனுஷன். அடுத்த வாய்தாவுக்குக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, தங்கத்தோடு தானே கோர்ட்டுக்கு வந்துவிட்டார். "எனக்கு இவர்மேல குறை ஒண்ணும் இல்லீங்க, முடிச்சுடுங்க" என்று இந்தியில் சொன்னார். மாஜிஸ்திரேட்டும் சம்மதித்தார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எல்லாம் ஆயிற்று.

வெளியே வந்ததும் ஏகாம்பரம் அவர் தோளைத் தட்டினார். "இனிமே நீங்க அலைய வேண்டாம் சார். கேஸுக்குப் பயந்து எத்தனை ஞாயித்துக்கிழமை ஓடி வந்தீங்க! எங்களுக்கே பாவமா இருந்துச்சு."

"ஆமாண்ணே," என்றாள் தங்கம், மனசார. "இனியாவது லீவு நாள்ல வீட்டுல நிம்மதியா இருங்க."

பயந்து வந்தது முதல் நாள் மட்டும்தான் என்று சொல்ல ஜோதிலிங்கத்துக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. இந்த வயசில் இன்னொருத்தர் வீட்டுக்கு ஏங்கினேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஆமாம்மா," என்றார், "பயந்துதான் வந்தேன்."