வெர்னா லாட்டி ஹாலிஸை உட்கார வைத்த வாரம்

எங்கள் காகித ஆலையில் நவம்பர் பதினைந்து அன்று யாரும் வேலைக்கு வர மாட்டேன் என்பார்கள். மான் வேட்டை தொடங்கும் நாள். யூனியனில் இருந்தபோது சம்பளத்துக்குக்கூட நான் அவ்வளவு பேசியதில்லை, அந்த ஒரு நாள் ஷிப்டுக்குப் பேசினேன். கடைசியில் பேக்கிங் பகுதி ஆட்களே வழி கண்டுபிடித்தார்கள். அமெரிக்க ஃபுட்பாலை வைத்து ஆடும் ஃபேன்டஸி ஃபுட்பாலில் அதற்கு முந்தின வார முடிவில் யார் கடைசியோ, அவர்தான் அந்த ஷிப்டுக்கு வர வேண்டும்.

ஆட்டம் பெரிய மர்மம் இல்லை. நிஜ ஆட்டக்காரர்களை நீங்கள் உங்கள் டீமில் எடுத்துக்கொள்கிறீர்கள். வாராவாரம் யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறீர்கள். இறக்கியவன் நிஜ மைதானத்தில் ஓடினால் உங்களுக்குப் புள்ளி. உட்கார வைத்தவன் ஓடினால் உங்களுக்கு வயிற்றெரிச்சல்.

வெர்னா லாட்டி அந்த வருடம்தான் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட அந்தப் பகுதிக்கு வந்தாள். ஃபுட்பால் தெரியும், இந்த ஃபேன்டஸி ஆட்டம் தெரியாது. சிறு வயதிலிருந்தே கிரீன் பே அணியின் ரசிகை என்பதால் முக்கால்வாசிப் பேரை அங்கிருந்தே எடுத்தாள். கிரீன் பேவுக்கு ஆட்டம் இல்லாத ஓய்வு வாரம் வந்தது. அவர்களை மாற்றவும் அவளுக்குத் தோன்றவில்லை. வரிசையாகப் பூஜ்ஜியம்.

லீக்கை நடத்துகிறவன் ட்வேன் பெல்டோ. வாயாடி. சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டான்:

"ஏம்மா வெர்னா, நீ டீம் எடுத்தியா, ரசிகர் மன்றம் ஆரம்பிச்சியா?"

"சிரிச்சு முடிங்க தலைவரே. நவம்பர்ல பாத்துக்கலாம்."

அவளுக்கு அந்தப் பதினைந்தாம் தேதி வேண்டும். அக்கா எல்சி டிசம்பரில் அரிசோனாவுக்குக் குடிபோகிறாள். இரண்டு பேரும் சேர்ந்து காட்டுக் கேபினில் உட்கார இது கடைசி முறை.

அதற்குப் பிறகு வெர்னா ரசிகையாக யோசிப்பதை விட்டுவிட்டு ஷிப்டுப் பட்டியல் போடுகிறவள் மாதிரி யோசித்தாள். யாருக்குக் காயம், யாருக்கு எதிரில் பலமான தடுப்பு, யாருக்கு லேசான நாள். மெல்ல ஏறினாள். ட்வேனின் ஆட்கள் ஒவ்வொருவராக அடிபட்டதில் அவன் இறங்கினான். தீர்மான வாரத்தில் கீழே மிச்சம் இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான். மோதலும் இவர்களுக்குள்ளேயே. தோற்றவர் ஷிப்டுக்கு வர வேண்டும்.

வியாழக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். கிரீன் பேவின் ஹாலிஸை, யார் பெயர் போட்ட சட்டையை அவள் வைத்திருக்கிறாளோ அந்த ஹாலிஸை, உட்கார வைத்தாள்.

"ஹாலிஸையா?" ட்வேன் கையில் இருந்த, கறி அடைத்த பாஸ்டியைக் கீழே வைத்துவிட்டான். "கிரீன் பே பைத்தியம் உங்கப்பா, இதக் கேட்டா கல்லறையில திரும்பிப் படுத்துருவாரு."

"தோத்தா எங்கப்பா ஷிப்டுக்கு வர மாட்டாரு. நான்தான் வரணும். இந்த வாரம் அவனுக்கு எதிர்ல இருக்குறவனுங்க ஓடவே விட மாட்டானுங்க."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே லூத்தரன் சர்ச்சில். யார் ஆட மாட்டார்கள் என்ற கடைசிப் பட்டியல் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வரும். எங்கள் பாஸ்டர் பிரசங்கத்தின் நடுப்பகுதி அது. வெர்னா எழுந்தாள். மொத்த வரிசையும் முழங்காலை ஒதுக்கி வழிவிட, பூட்ஸ் சத்தத்தோடு வெளியே போனாள். சிக்னல் கிடைப்பது வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில்தான். பனியில் நின்று பார்த்தாள். அவளுடைய ஆள் ஒருவன் அன்றைக்கு இல்லை. அவன் இடத்தில் ஓடப்போகிற, யாரும் கேள்விப்படாத மாற்று ஆளைப் பிடித்துப் போட்டாள். பட்டியலில் ட்வேனின் ஆள் பெயரும் இருந்தது.

ட்வேன் பாடகர் குழுவில், அங்கி போட்டு, எல்லோரும் பார்க்கிற மேடையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து போய் அந்த ஆளை மாற்ற முடியவில்லை.

சாயங்காலம் ஹாலிஸ் பந்தோடு கோட்டைத் தாண்டி மூன்று டச் டவுன் போட்டான். வெர்னாவுக்கு அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஆனாலும் நான்கு புள்ளியில் ஜெயித்தாள். ட்வேனின் பூஜ்ஜியமும் அந்த மாற்று ஆளும் சேர்ந்து செய்த வேலை.

திங்கட்கிழமை அவன் விடவில்லை. "ஹாலிஸை உக்கார வச்சது தப்புதானே? ஒத்துக்க."

"அடுத்த வாரமும் அதே எதிராளின்னா, அதே மாதிரிதான் உக்கார வைப்பேன்."

"அப்ப எப்படி ஜெயிச்ச?"

"நான் பாதிப் பிரசங்கத்துல எந்திரிச்சேன். நீங்க எந்திரிக்கல."

பதினைந்தாம் தேதி காலை ட்வேன் அவளுடைய ஃபோர்க்லிஃப்டில் ஏறி சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தபோது போனில் படம் வந்தது. கேபின் வாசலில் இரண்டு சகோதரிகள், ஆரஞ்சுத் தொப்பியில். மான் எதுவும் இல்லை.