ஜரிகையில் தைத்த நாலாவது பாரா

சர்க்கார் வீண்செலவு செய்கிறது என்பதைக் கவர்னர் துரையிடம் நேருக்கு நேர் சொல்லிவிடுவதென்று எங்கள் சங்கம் தீர்மானித்தது. தீர்மானித்த கையோடு முதலில் செய்த காரியம், நாகப்பட்டினத்துக் கப்பலில் ஒரு சந்தனப் பேழைக்குச் சொல்லி அனுப்பியதுதான்.

எங்கள் சங்கம் என்கிறேனே தவிர, நான் அதில் அங்கத்தினர் இல்லை. பெண்களுக்கு அதில் இடம் கிடையாது. என் கணவர் அங்கத்தினர். கூட்டம் எங்கள் வீட்டு முன்கூடத்தில் நடக்கும். நான் திரைக்குப் பின்னால் காப்பி கலப்பேன். நாலு பேர் முன்னால் நின்று பேசு என்றால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் காதுக்குக் கூச்சம் ஏது?

பினாங்கில் அது ரப்பர் விலை விழுந்த காலம். தோட்டங்களில் ஆட்களை நிறுத்தி, கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். சர்க்காருக்கும் வரும்படி குறைந்து வரவு செலவில் துண்டு விழுந்தது. துண்டு விழுந்தால் எதையாவது குறைத்துத்தானே ஆக வேண்டும்? மலைமேல் துரைமார் போய்த் தங்கும் பங்களாவுக்கு அந்த வருஷம் புதுக் கூரை போட்டார்கள். கடற்கரைத் திடலில் பாண்டு வாசிக்கிறவர்களுக்குப் புது உடுப்பு கொடுத்தார்கள். குறைப்பதற்குத் தோதாக அவர்கள் கண்ணில் பட்டது தமிழ்ப் பள்ளிக்கூட மானியம்.

என் கணவர் அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். குயின் தெருவில் ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடி. ஒரே அறை, ஒரே வாத்தியார். சங்கம் தன் பங்குக்கு, அந்த ஊர்க் காசில், மாதம் பத்து வெள்ளி கொடுத்துவந்தது. மற்றதெல்லாம் சர்க்கார் மானியம். வருகிற வருஷத்திலிருந்து மானியத்தில் பாதிதான் கிடைக்கும் என்று கடிதம் வந்தது. பாதி என்றால் மாடி வாடகைக்குச் சரியாகப் போகும். வாத்தியாருக்கு ஒன்றும் மிஞ்சாது. வாத்தியார் இல்லாத மாடிக்கு வாடகை எதற்கு? ஆக, மானியம் திரும்பாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கவர்னர் பினாங்குக்கு வருகிறார் என்று பத்திரிகையில் போட்டிருந்தது.

கவர்னர் வந்தால் ஒவ்வொரு சமூகமும் நகர மண்டபத்தில் வரவேற்புப் பத்திரம் வாசித்துக் கொடுப்பது அப்போதைய வழக்கம். பத்திரத்தில் நாலு பாரா இருக்கும். முதல் பாராவில் மகாராஜாவைப் புகழ வேண்டும். இரண்டாவதில் கவர்னரையும் துரைசானியையும். மூன்றாவதில் நம்முடைய ராஜவிசுவாசத்தை நாமே புகழ்ந்துகொள்ள வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு, நாலாவது பாராவில் ஏதாவது கேட்டுக்கொள்ளலாம். என் கணவர் அந்த நாலாவது பாராவைத்தான் நம்பியிருந்தார்.

அவர் எழுதியது இதுதான்: "தமிழ்க் குழந்தைகளின் படிப்பில் கை வைத்துவிட்டு மலை பங்களாவுக்குக் கூரை மாற்றுவது வீண்செலவு. துண்டு விழுந்த காசைப் பள்ளிக்கூடத்தில் தேட வேண்டாம்."

வாசித்து முடித்ததும் தலைவர் தொண்டையைக் கனைத்தார். அவர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொங்கான் படகுகளை வாடகைக்கு விடுகிறவர். சர்க்கார் சாமான்களும் அந்தப் படகுகளில்தான் இறங்கும்.

"வாத்தியாரே, எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா தொர முகம் சுருங்கிடும்லா."

"சுருங்கட்டுமே தலைவரே. அதுக்குத்தானே எழுதுறோம்?"

"அதில்ல. 'வீண்செலவு'ங்கிற வார்த்தை மட்டும் கொஞ்சம்..."

"'சற்றே மிகையான செலவு'ன்னு போட்டுக்கலாம்" என்றார் காரியதரிசி. அவர் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த வாக்கியத்தையும் யார்மேலும் இடிக்காமல் நடக்கவைப்பதில் கெட்டிக்காரர்.

பாராவுக்கு இவ்வளவு யோசித்தவர்கள் பேழைக்கு யோசிக்கவே இல்லை. "சீனவங்க தந்தப் பெட்டியில வச்சுக் குடுக்கிறாங்களாம். நாம காயிதத்தைச் சுருட்டிக் குடுத்தா மானம் போயிரும்" என்றார் தலைவர். உடனே சந்தனப் பேழை நிச்சயமாயிற்று. மண்டப வாசலில் வாழையும் மாவிலையும் வைத்து ஒரு வளைவு, நாதசுரம், வந்தவர்களுக்குத் தேநீர், எல்லாம் நிச்சயமாயிற்று. பத்திரத்தைக் காகிதத்தில் அச்சடிக்காமல் பட்டில் ஜரிகையால் தைத்துக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் என் கணவர்தான்.

"தையல்கூலி ஆகும்லா வாத்தியாரே?"

"கூலி எதுக்கு? வீட்லயே ஆளு இருக்கு."

நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அங்கே எழுத்தைவிடப் பூத்தையல் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். சிக்கனம் வேண்டும் என்று கூடிப் பேசிய சங்கம் கடைப்பிடித்த ஒரே சிக்கனம் என் கூலியில்தான்.

பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் சட்டத்தைக் கட்டி உட்கார்ந்தேன். நாள் குறைவு என்பதால் முதல் எழுத்துப்படியே தைக்க ஆரம்பித்துவிட்டேன். நாலாவது பாராவை முடித்த மறுநாள் 'வீண்செலவு' போய் 'சற்றே மிகையான செலவு' வந்தது. பிரித்துத் தைத்தேன். அடுத்த வாரம் கூரையும் போயிற்று. "சிக்கனத்துக்கு இன்னும் இடமிருக்கலாமோ என்று அடியோங்கள் ஐயுறுகிறோம்" என்று வந்தது. மறுபடி பிரித்துத் தைத்தேன். பட்டில் ஒரு குணம் உண்டு. நூலைப் பிரித்தாலும் ஊசி போன துளை மறையாது.

அதற்கு மேல் ஒரு விதி இருந்தது. பத்திரத்தின் இங்கிலீஷ் நகலை முன்கூட்டியே சர்க்கார் ஆபீசுக்கு அனுப்பிக் காட்ட வேண்டும். காட்டினார்கள். மூன்று பாராவுக்கு மெத்தச் சந்தோஷம் என்றும், நாலாவது பாரா இப்படிப்பட்ட மங்கள காரியத்துக்கு ஏற்றதல்ல, வேண்டுமானால் தனியாக மனு அனுப்பலாம் என்றும் சொல்லி, சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அடியோங்கள் ஐயுற்றதுகூட அவர்களுக்கு அதிகமாகிவிட்டது.

காப்பி ஆறுவதற்குள் சங்கம் சம்மதித்தது. என் கணவர் சண்டை போடுவார் என்று திரைக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தேன். "சரி" என்று ஒரு வார்த்தை மட்டும் கேட்டது.

எல்லோரும் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாலாவது பாராவப் பிரிச்சிடு. அந்த எடத்துல ஏதாவது பூங்கொடி போட்டு நெரப்பிடு."

"இன்னும் ரெண்டு நாளுதாங்க இருக்கு."

"சின்னக் கொடியாப் போடு."

மறுநாள் பிரித்தேன். பிரித்துவிட்டுப் பார்த்தால், பட்டு வெறுமையாக இல்லை. முதன்முதலில் தைத்தபோது ஊசியை அழுத்திக் குத்தியிருந்தேன் போலிருக்கிறது. பிந்திய துளைகளுக்கு அடியில் 'வீண்செலவு' பளிச்சென்று தெரிந்தது. கொடி போட்டால் இலைகளுக்கு நடுவே அது எட்டிப் பார்க்கும். என்னைத் தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டு நாளில் பூங்கொடிக்குக் கோலம் வரைந்து, பழைய துளை தெரியாமல் மறைத்துத் தைக்க என்னால் ஆகாது; விரல் நுனியெல்லாம் புண். ஏற்கெனவே இருக்கிற துளை வழியாகவே ஊசியை விட்டுக்கொண்டு போவது சுலபம். போனேன். என் கணவர் முதலில் எழுதிய நாலாவது பாரா, ஒரு வார்த்தை குறையாமல் திரும்பி வந்து உட்கார்ந்தது. சுருட்டி, நாடாவால் கட்டி, பேழையில் வைத்து மூடினேன். இந்த மாதிரிப் பத்திரங்களை யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

விசேஷத்தன்று நகர மண்டபத்தில் பின்னால் ஒரு தூணருகே நின்றேன். தலைவர் இங்கிலீஷில் மூன்று பாராவை வாசித்தார். நாலாவது இல்லாததால் சீக்கிரம் முடிந்தது. துரை அதற்கே சந்தோஷப்பட்டவர் போலச் சிரித்தார். பேழையைக் கொடுத்தார்கள். அப்போதுதான் துரைசானி கையை நீட்டி, நாடாவை அவிழ்த்து, பட்டை மேசைமேல் விரித்துவிட்டாள்.

மேடையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்: தலைவர், கிராணி, என் கணவர். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மூன்று பேரும் நிமிரவில்லை. துரைசானி நாலாவது பாராவின்மேல் விரலை ஓட்டி ஏதோ கேட்டாள். கிராணி ஏதோ சொன்னார். அவள் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: "அம்மையார் தீர்க்காயுசா இருக்கணும்னு பிரார்த்தனை" என்று சொல்லிவிட்டாராம்.

பிறகு கவர்னர் பதில் சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லோரும் கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டிய காலமாம் இது. சர்க்காரும் மனவருத்தத்தோடு சுருக்கிக்கொள்கிறதாம். ஆனால் இந்தப் பேழையையும் ஜரிகையையும் பார்க்கும்போது, கஷ்டகாலம் தமிழ்ச் சமூகத்தை அவ்வளவாகத் தொடவில்லை என்று கண்டு தமக்குப் பெரும் ஆறுதலாம். எல்லோரும் கைதட்டினார்கள். என் கணவர் கையும் சேர்ந்து தட்டியது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "மூணாவது வரி கொஞ்சம் கோணிப்போச்சு."

"பழைய ஓட்டையிலயே தச்சேங்க."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

தனி மனுவும் போயிற்று. ஒரு மாதத்தில் பதில் வந்தது. தங்கள் சமூகத்தின் தாராளத்தை மேன்மைதங்கிய கவர்னர் நேரிலேயே கண்டிருப்பதால், அந்தப் பள்ளிக்கூடத்தைச் சமூகமே தாங்கிக்கொள்ளும் என்று நம்புகிறாராம். சரி, தாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கச் சங்கம் கூடியது. பேழை, வளைவு, நாதசுரம், தேநீர் எல்லாம் போகச் சங்கத்து வரவு செலவிலும் துண்டு விழுந்திருந்தது.

"எதையாச்சும் கொறைக்கணும்லா" என்றார் தலைவர். "நாள் வாடகை ஜமுக்காளத்த நிறுத்த முடியாது. வர்றவங்க எங்க உக்காருவாங்க? ஆண்டு விழா சாப்பாட்ட நிறுத்தினா எவனும் சந்தா கட்ட மாட்டான்."

"பள்ளிக்கூடத்துக்கு மாசம் பத்து வெள்ளி போவுது" என்றார் கிராணி, யார்மேலும் இடிக்காமல்.

என் கணவர் எழுந்து நின்றது திரையின் சந்தில் தெரிந்தது. கவர்னருக்கு முன்னால் வராத குரல் அன்றைக்கு வந்தது. குழந்தைகளின் படிப்பில் கை வைத்துவிட்டு ஜமுக்காளம் விரிப்பது வீண்செலவு என்றார். சந்தனக்கட்டையில் மானத்தைத் தேடிய சங்கம் என்றார். நான் காப்பித் தூக்கைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஆட்டிக்கொண்டே பத்து வெள்ளியை நிறுத்தினார்கள்.

வருஷப் பிறப்போடு மாடியைக் காலி செய்தோம். ஆறேழு பிள்ளைகள் எங்கள் முன்கூடத்துக்கே வந்து உட்கார்ந்து படித்தார்கள். ஜமுக்காளம் இல்லை, வெறுந்தரைதான். சங்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டது.

கடைசிக் கூட்டம் நடந்த மறுநாள் அவர் பேசியதையெல்லாம் சங்கத்துக்கு ஒரு கண்டனக் கடிதமாக எழுதிச் சன்னலோரம் என்னிடம் வாசித்துக் காட்டினார். நாலு பாரா இருந்தது. நாலும் நாலாவது பாராதான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இதயும் தைக்கணுமாங்க?" என்றேன்.

மானியக் கடிதம் வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அன்றைக்குச் சிரித்தார். சிரித்துவிட்டு, தபால் தலைக்குக் காசு இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவினார்.