வாயாடியின் கோப்பு

பாலர் வகுப்பு டீச்சருக்கு வயது நாற்பத்து நான்கு. அதில் பதினாறு வருடம் முழங்கால் உயர நாற்காலிகளிலேயே கழிந்துவிட்டது. சான்றிதழ் இல்லாதவர் டீச்சராக இருக்கக் கூடாது என்று புதுத் தரவிதி வந்ததும், இரண்டு வருடம் சனி, ஞாயிறு பார்க்காமல் படித்துத் தேறினாள். அந்தப் படிப்பால் வீட்டில் நடந்த ஒரே நல்லது, வீட்டுக்காரர் சமைக்கக் கற்றுக்கொண்டதுதான். வகுப்பிலோ, பேனா கையோடு ஒட்டிக்கொண்டது.

பிள்ளைக்கு ஒரு கோப்பு. என்ன செய்தது, என்ன சொன்னது, எத்தனை மணிக்கு, கேட்டவர் யார், எல்லாம் எழுத வேண்டும். தகுதி பெற்ற ஆசிரியர் தன் காதால் கேட்டது மட்டுமே செல்லும். விதியில் தப்பில்லை, முன்பெல்லாம் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததை எழுதிவைத்தார்கள். ஆனால் இருபத்திரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதி முடிப்பதற்குள் இருபத்திரண்டும் வேறு ஏதோ செய்துவிடுகின்றன. மனுஷிக்கு இரண்டு கண்தானே?

கோப்புகளில் ஒல்லியானது ஒரு நாலு வயதுச் சிறுமியுடையது. சேர்ந்து ஏழு மாதமாகியும் வகுப்பில் வாயே திறக்கவில்லை. உதவிக்கு இருந்த அக்கா அவளை ‘வாயாடி’ என்றுதான் கூப்பிடுவாள். இன்று மூன்று மணிக்குள் ஒரு வார்த்தையாவது பதிவாகாவிட்டால், பிள்ளையை ஊரின் மறுகோடியில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். வீட்டில் ஓயாமல் பேசுகிறாள் என்று அவள் அம்மா அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். டீச்சரும் காலையிலிருந்து படம் காட்டி, பொம்மை காட்டி, கெஞ்சிக் கூத்தாடிப் பார்த்தாயிற்று. ம்ஹும்.

பதினொரு மணிக்குப் பிள்ளைகள் கை கழுவப் போனார்கள். டீச்சர் மேசையில் குனிந்து காலைக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“டீச்சர், வாயாடி பேசிட்டா! ‘தண்ணி சில்லுனு இருக்கு, குழாயை மூடு’ன்னு என்னையே அதட்டுறா!”

டீச்சர் பாய்ந்து போனாள். சிறுமி துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணி எப்படிடா இருந்துச்சு, கண்ணு?”

சிறுமி டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். உதட்டை மடித்துக்கொண்டாள்.

தலைமை ஆசிரியை கையை விரித்துவிட்டார். “அந்தம்மா கேட்டது செல்லாது. நீங்க கேட்டதா போட்டுடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?”

“நான் கேக்கலியே மேடம்.”

பதினாறு வருடத்தில் எத்தனையோ ஊமைக்கொட்டான்களைப் பேசவைத்தவள் அவள். அப்போது சான்றிதழ் இல்லை. இப்போது இருக்கிறது, காதுதான் காகிதத்துக்குள் போய்விட்டது. அவளுக்கு அழுகை வந்தது. அதற்கும் நேரமில்லை.

இரண்டரை மணிக்குப் பேனாவை மேசையிலேயே போட்டுவிட்டு எழுந்தாள். சாயத் தூரிகைகளை அள்ளிக்கொண்டுபோய்த் தொட்டிப் பக்கம் தரையில் உட்கார்ந்து கழுவினாள். எதுவும் கேட்கவில்லை, கேட்கத் தெம்புமில்லை. சிறுமி வந்து பக்கத்தில் குந்தி, ஒரு தூரிகையை எடுத்துத் தேய்த்தாள். தொட்டி நீலமாயிற்று, பிறகு பழுப்பாயிற்று. சிறுமி டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எழுதாத டீச்சர்,” என்றாள்.

டீச்சர் சரி என்று தலையை ஆட்டினாள்.

மூன்று மணிக்குக் கோப்புகளை எடுக்க ஆள் வந்து நின்றார். டீச்சர் ஒல்லிக் கோப்பைத் திறந்தாள். சிறுமி மேசையின் எதிர்ப்பக்கம் நின்று, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பேனாவை எடுத்தாள். மணி 2.40. சொன்னது: ‘எழுதாத டீச்சர்.’ கேட்டவர்: நான்.