ஸ்டுர்லா போன் செய்யாத வாரம்

ஆடு தூணில் முதுகைத் தேய்த்தால் மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். ஸ்டுர்லா கால்நடை மருத்துவர் ஒட்னிக்கு போன் போடுவார். ஆடு இருமினால் போன், தடுக்கினால் போன், ஒரு மாதிரி முறைத்தால்கூட போன். ஐஸ்லாந்தின் வடக்கே எங்கள் பள்ளத்தாக்கில் தொலைபேசித் துறைக்குச் சோறு போட்டதே அவர்தான் என்று கூட்டுறவுக் கடையில் பேச்சு.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் பட்ட பாடு அப்படி. முன்பு ஒருமுறை அவர் தொழுவத்துக்கு நடுக்க நோய் வந்தது. ஒரு ஆட்டுக்கு வந்தால் மொத்த மந்தையையும் கொல்ல வேண்டும், அதுதான் சட்டம். கிருமியாக இருந்தால் மருந்தடிக்கலாம். இதுவோ கோணலாக மடிந்துபோன ஒரு புரதம். மூளையில் தன் பக்கத்தில் இருப்பதையெல்லாம் கோணலாக்கிவிட்டுத்தான் ஓயும். கொதிக்கவைத்தாலும் சாகாது, உயிர் இருந்தால்தானே சாக. மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஸ்டுர்லா தொழுவத்து மரத்தைக் கொளுத்தினார், வாசல் மண்ணைச் சுரண்டி எறிந்தார், ஆடில்லாத காலம் முழுக்க மீன் ஆலையில் தலை வெட்டினார். பிறகுதான் நோயில்லாத மேற்குப் பக்கத்திலிருந்து குட்டிகள் வாங்கிவந்தார்.

அன்றிலிருந்து தினமும் ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் சொறிந்து பார்ப்பார். நோய் கண்ட ஆடு, சொறிந்தால் தலையைத் தூக்கி உதட்டை மெல்லும். ஆடுகளுக்கு இந்தச் சோதனை பிடித்துப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டன.

கம்பளிச் சட்டை குத்தி அவர் தோளைச் சொறிந்தால் மனைவி தோரா விடமாட்டாள்.

"நீயும்தான் சொறியுற. ஒட்னிய வரச் சொல்லவா?"

மனிதர் அதையும் யோசித்து போன் போட்டார்.

"ஒட்னி, எனக்கே கை லேசா நடுங்குது."

"இன்னைக்கு எத்தனை காபி ஆச்சு?" என்றாள் ஒட்னி.

"ஏழு."

"மனுஷனுக்கு வர்றது வேற வகை, ஸ்டுர்லா. ஆட்டுகிட்டேருந்து ஒட்டினதா யாரும் கண்டதில்ல. காபியக் குறைங்க, போன வைங்க."

பிப்ரவரியில் ஒரு காலை, திம்மா என்ற கறுப்பாட்டின் முதுகைச் சொறிந்தார். அது தலையைத் தூக்கி உதட்டை மென்றது. சரி, சொறிவது சுகமாக இருக்கிறதுபோல என்று நினைத்துக்கொண்டார். வெளியே நடத்திப் பார்த்தார். பின்னங்கால்கள் பின்னிக்கொண்டு, சமதரையில் விழுந்தது.

ஸ்டுர்லா சுற்றும்முற்றும் பார்த்தார், யாரும் இல்லை. திம்மாவைத் தூக்கி நிறுத்தி, சுவரோரத் தடுப்பில் தனியாகக் கட்டினார். பேன் கடியாக இருக்கும், குளிராக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மற்ற ஆடுகள் எல்லாம் சினையாக நின்றன. மே மாதம் குட்டி போடும், ஜூனில் பள்ளத்தாக்கின் அத்தனை மந்தையோடும் கலந்து மலைமேட்டில் மேயும். நோய் இருந்தால் எல்லார் மந்தைக்கும் போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் போன் பக்கம் போகவில்லை.

"என்ன, போன் ரிப்பேரா?" என்றாள் தோரா. அவர் காபிக் கோப்பையோடு தொழுவத்துக்குப் போய்விட்டார். அவளும் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒட்னியின் ஜீப் வாசலில் வந்து நின்றது.

"யாரு உன்ன வரச் சொன்னா?" என்றார் ஸ்டுர்லா.

"யாரும் சொல்லல. அதான் வந்தேன்." ஒட்னி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். "வாரத்துக்கு மூணு தடவ கூப்பிடுற ஆளு. இந்த வாரம் சத்தத்தையே காணோம். நீங்க செத்துட்டீங்களோன்னு கடையில விசாரிச்சேன். நேத்துகூட வந்து காபித்தூள் வாங்கினாருன்னாங்க. அப்ப ஆட்டுக்குத்தான் ஏதோன்னு தெரிஞ்சுது."

ஸ்டுர்லா தொழுவத்துக் கதவைத் திறந்துவிட்டார். கோபம் வருமென்று நினைத்தார், வரவில்லை. எல்லாக் கேலியையும் தாங்கி இத்தனை வருஷம் வீணாகப் பயந்த மனிதருக்கு, நிஜம் வந்தபோது போனை எடுக்க மனம் வரவில்லை, பாவம்.

"சுவரோரமா நிக்கிறவ," என்றார். "நானே பிடிச்சுக்கறேன். புது ஆளு தொட்டா மிரளுவா."

ஒட்னி குனிந்து முதுகைச் சொறிந்தாள். திம்மா உதட்டை மென்றது. ஒட்னி நிமிர்ந்து, தொழுவத்தில் நின்றவற்றைத் தலை எண்ணினாள். தடுப்புகளுக்குப் பின்னால் மற்ற ஆடுகள் பசியில் கத்த ஆரம்பித்தன.

"மத்ததுங்களுக்குத் தீனி போடலாமா?" என்று ஸ்டுர்லா கேட்டார்.

"போடுங்க."

"குட்டி போடுற நேரத்துக்குன்னு நல்ல வைக்கோல் எடுத்து வெச்சிருக்கேன்."

"அதையே போடுங்க, ஸ்டுர்லா," என்றாள் ஒட்னி.