எறிவதற்கு ஒரு தட்டு, தின்பதற்கு ஒரு தட்டு

பிரிட்டிஷ் ஆமியின் குசினியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும், அக்கா வாய்வரை கொண்டுபோன தேநீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டார். அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பாடசாலையில் அவர் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார். நான் தேநீர் போடுவேன், கதிரைகளை அடுக்குவேன். அப்படி வந்த பழக்கம்.

"ஆமிக்காரருக்கோ? நீயோ சமைச்சுப் போடப் போறாய்?"

"சமைக்கிறேல்லை அக்கா. மரக்கறி வெட்டுறது, பாத்திரம் கழுவுறது."

"எல்லாம் ஒண்டுதான்," என்று சொல்லிவிட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கே அது பெரிய விருப்பமான வேலை இல்லை. நான் முன்பு வேலை செய்த முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியை மூடிவிட்டார்கள். ஜெர்மன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எனக்கு டெர்மின், அதாவது சந்திக்க நேரம், கொடுத்த பெண், பாடர்போர்ன் பக்கத்தில் உலகப் போருக்குப் பிறகு வந்த பிரிட்டிஷ்காரரின் முகாம் ஒன்று இன்னும் இருக்கிறது, அங்கே குசினிக்கு ஆள் தேடுகிறார்கள் என்றாள். வீட்டிலிருந்து ஒரே பஸ். சம்பளமும் பரவாயில்லை. என் கணவர், "போய்ப் பாருமன். பிடிக்காட்டி விடலாம்," என்றார்.

முதல் நாள் முகாம் வாசலில் துவக்கோடு நின்றவனைக் கண்டதும் என் கை தானாகவே கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது. யாழ்ப்பாணத்தில் பழகிய கை அது. இத்தனை வருட ஜெர்மனிக்குப் பிறகும் அது எதையும் மறக்கவில்லை. அந்தப் பையன் அட்டையைப் பார்த்தான், "குட் மோர்னிங், மேடம்" என்றான், கதவைத் திறந்துவிட்டான். அவ்வளவுதான். ஆனாலும் உள்ளே போய்ச் சேரும்வரை நான் அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பயம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் சிப்பாய்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் வருவார்கள். "இன்னும் கொஞ்சம் சிப்ஸ் கிடைக்குமா?" என்று சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கேட்பார்கள். தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒருவனுக்கு எவ்வளவு நாளைக்குப் பயப்படலாம்?

குசினியை நடத்தியவள் ஒரு ஜெர்மன்காரி. அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவள். பிரிட்டிஷ்காரருக்குச் சமைத்தே தலை நரைத்தவள். மார்கழி பிறந்ததும் அவள்தான் எனக்கு அந்தப் பெரிய விருந்தைப் பற்றிச் சொன்னாள். நத்தார் என்கிற கிறிஸ்மஸ் விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் மத்தியானம், சிப்பாய்கள் கதிரையில் உட்கார்ந்திருப்பார்கள், அதிகாரிகள் பரிமாறுவார்கள். அன்று காலையிலேயே அதிகாரிகள் தேநீரில் றம் கலந்து, சிப்பாய்களின் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். படைப்பிரிவில் வயதில் ஆகச் சின்னவர் யாரோ அவர் அன்றைக்குப் படைத்தலைவரான கேணலின் சட்டையைப் போட்டுக்கொண்டு கேணலாக இருப்பார். பழைய காலத்திலிருந்து அவர்களிடம் உள்ள வழக்கம் அது.

எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மூட்டை மூட்டையாக வந்த ரோசன்கோலை, நாங்கள் வீட்டில் குட்டிக் கோவா என்று சொல்கிற நெல்லிக்காய் அளவு முட்டைக்கோசை, நான் சந்தோசமாகவே உட்கார்ந்து துப்புரவாக்கினேன். வெளி இலையை உரித்து, அடித்தண்டில் கத்தியால் சின்னதாகக் கீறிவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே அவியும். விரல் நுனியெல்லாம் பச்சையாகிவிட்டது.

விருந்தன்று வான்கோழி போனது, உருளைக்கிழங்கு போனது. கடுதாசித் தொப்பியும் ஏப்ரனும் போட்ட அதிகாரிகள் என் குட்டிக் கோவாவைத் தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கூச்சல். எட்டிப் பார்த்தேன். பச்சை உருண்டைகள் நாலு பக்கத்தாலும் பறந்தன. நான் சண்டை வந்துவிட்டது என்று நினைத்துப் பரிமாறும் மேசைக்குக் கீழே குந்திவிட்டேன். ஜெர்மன்காரி சிரித்துச் சிரித்து என்னைக் கையில் பிடித்துத் தூக்கினாள். சிப்பாய்கள் எறிகிறார்கள், உண்மையான கேணல் ஒரு வெள்ளித் தட்டைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு வாங்குகிறார்.

"ஒவ்வொரு வருசமும் இப்படித்தான்," என்றாள். "அதைத் தின்ன ஒருவருக்கும் விருப்பமில்லை. எறியத்தான் விருப்பம்."

பின்னேரம் நிலத்திலிருந்து அவற்றைக் கூட்டி அள்ளும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. இடம்பெயர்ந்து கோயில் மண்டபத்தில் இருந்த நாட்களில் ஒரு பிடி சோற்றுக்கு வரிசையில் நின்றவள் நான். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லித் தீர்த்தேன். "சாப்பாட்டை எறியிறாங்களப்பா. சாப்பாட்டை!"

அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "குண்டு எறியாமல் கோவா எறியிறாங்கள் எண்டு சந்தோசப்படும்," என்றார்.

எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மார்கழியில் ஜெர்மன்காரியிடம், "இந்த முறை ரோசன்கோலை நான் என் விதத்தில் செய்யட்டுமா?" என்று கேட்டேன். அவளுக்கு வான்கோழிக் கவலை. "எப்படியும் செய், என்னை விட்டால் சரி," என்றாள். நான் முதல் நாளே தமிழ்க் கடைக்குப் போய்க் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். குட்டிக் கோவா முழுவதையும் நூல் நூலாக அரிந்தேன். கடுகு, வெங்காயம் தாளித்து, மஞ்சள் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பூ தூவி இறக்கினேன். வறை. ஜெர்மன்காரி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். பிறகு ஒரு கிண்ணம் எடுத்து வந்தாள்.

தட்டுகள் கூடத்துக்குப் போயின. நான் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். சாப்பிட்டார்கள்! முதலில் சந்தேகமாகக் கிண்டினார்கள், பிறகு சாப்பிட்டார்கள், பிறகு இன்னும் கேட்டார்கள். எறியும் நேரம் வந்தபோது கூடம் குழம்பிப்போனது. ஒருவன் வறையைப் பிடியாக அள்ளிக் கேணலை நோக்கி எறிந்தான். அது பறக்கவில்லை. நடுவில் பிரிந்து, பக்கத்தில் இருந்தவனின் தலையில் அட்சதை மாதிரிக் கொட்டியது.

குசினிக் கதவு திறந்தது. வந்தவர் சார்ஜண்ட் மேஜர். கதவு நிறைந்த ஆள், கன்னத்தைத் தொடும் மீசை. தலையில் ரோஸ் நிறக் கடுதாசித் தொப்பி இருந்தும் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"ரோசன்கோல் செய்தது யார்?"

ஜெர்மன்காரி என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கினேன்.

அவர் என் முன்னால் வந்து நின்று ஏதோ நீளமாகச் சொன்னார். என் ஆங்கிலத்துக்கு அது எட்டவில்லை. அப்போது அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். தோளில் நட்சத்திரமும் கிரீடமும் வைத்த கேணலின் சட்டை அவளுக்கு முழங்கால்வரை தொங்கியது, கைகள் விரலை மூடியிருந்தன. இலையுதிர் காலத்தில் புதிதாக வந்தவள். வரிசையில் கண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் ஆமியில் பீஜித் தீவுக்காரர் பலர். அவளும் பீஜிக்காரியாக்கும் என்று நினைத்திருந்தேன்.

"அன்ரி," என்றாள் அவள் தமிழில். "இது வறைதானே? அம்மா செய்யிறவா."

என் கையிலிருந்த அகப்பை பாத்திரத்துக்குள் விழுந்துவிட்டது.

"நீர் தமிழோ பிள்ளை?"

"ஓம் அன்ரி. லண்டன். அம்மா அப்பா யாழ்ப்பாணம்." ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்து எடுத்தாள். "பயப்பிடாதேங்கோ. அவர் கோவம் இல்லை. நல்ல டேஸ்ட் எண்டுதான் சொல்லுறார். ஆனா... எறிய ஒண்டும் இல்லை எண்டு சொல்லுறார். எங்கட ஆமிப் பெடியள் பாவம்."

சார்ஜண்ட் மேஜர் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு மிகக் கவலையாகத் தலையாட்டினார். ஜெர்மன்காரி அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன் பிள்ளை எறிய வேணும்? சாப்பாடெல்லோ?"

"இண்டைக்கு மட்டும்தான் அன்ரி பெரியாக்களுக்கு எறியலாம். நாளைக்கு எறிஞ்சா பிடிச்சு மறியலுக்கை போட்டிடுவினம்."

பிறகு அவள் தன் சட்டையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். அன்றைக்கு அவள் கேணல் அல்லவா, ஆங்கிலத்தில் கட்டளைகள் போட்டாள். சார்ஜண்ட் மேஜர் உடனே குட்டிக் கோவா தேட வேண்டும். குசினிப் பெண்கள் எல்லோரும் கூடத்தில் போய் உட்கார வேண்டும். உண்மையான கேணல் உள்ளே வந்து சட்டி கழுவ வேண்டும்.

எல்லாம் நடந்தது! குளிர் அறையில் என் கண்ணில் படாத ஒரு பெட்டி மிஞ்சிக் கிடந்தது. அதைச் சார்ஜண்ட் மேஜரே கொதிநீரில் போட்டு எடுத்தார். அரை அவியல்கூட இல்லை. கேணல் முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு வான்கோழி பொரித்த தட்டத்தைத் தேய்க்கத் தொடங்கினார். எனக்கு உட்கார மனம் வரவில்லை. ஈரம் துடைக்கும் துணியோடு அவர் பக்கத்தில் நின்றேன். அவர் தேய்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். அந்தப் பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னாள்.

"வருசம் முழுக்க நான் சொல்லுறதை இவை கேக்கினம். ஒரு மத்தியானம் இவை எறியிறதை நான் வாங்காட்டி, இவை ஏன் நான் சொல்லிக் கேக்க வேணும் எண்டு சொல்லுறார் அன்ரி."

அது எனக்கு விளங்கியது. விளங்கியதும் என் அப்பாவின் ஞாபகம் வந்தது. ஊரில் சோதனைச் சாவடி வந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்க வேண்டும். மழை கொட்டினாலும் அப்பா குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டுதான் ஆமிக்காரரைக் கடந்து போவார். குடை பிடித்தால் மரியாதை இல்லை என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். ஒரு சொல்லைக்கூட அவர்கள் பக்கம் எறிய எங்களால் முடிந்ததில்லை.

கூடத்துக்குள் போனோம். குட்டிக் கோவாத் தட்டு வந்ததும் கூரை பறக்கிற மாதிரி ஆரவாரம். எறிதல் தொடங்கியது. அந்தப் பிள்ளை ஒரு உருண்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"எறியுங்கோ அன்ரி."

"ஐயோ பிள்ளை, என்னாலை ஏலாது."

"இது கேணலின்ரை ஓடர்."

மேசையில் இருந்தவர்கள் கையைத் தட்டத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து விளையாடியவள். எழும்பி நின்றேன். உண்மையான கேணலைப் பார்த்துத்தான் எறிந்தேன். ஆனால் அது வளைந்து போய்ச் சார்ஜண்ட் மேஜரின் கடுதாசித் தொப்பியில் பட்டு, தொப்பி கீழே விழுந்தது. அவர் விறைப்பாகத் திரும்பி, குதியை அடித்து, எனக்கு ஒரு சலூட் வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் எழுந்த சத்தத்தை என் காது இன்னும் வைத்திருக்கிறது. நான் சிரித்தேன். கண்ணீர் வருமட்டும் சிரித்தேன்.

கேணல் எனக்கு வான்கோழியும் என்னுடைய வறையும் கொண்டுவந்து வைத்தார். அவர் நிற்க நான் எப்படிச் சாப்பிடுவது என்று கூசியது. "சாப்பிடுங்கோ, அவருக்கு அதுதான் இண்டைக்கு வேலை," என்றாள் பிள்ளை. சாப்பிட்டுக்கொண்டே தன் கதை சொன்னாள். ஆமியில் சேர்ந்தது அவளுடைய சொந்த விருப்பம். அப்பா சரி என்றாராம். அம்மா மட்டும் சொந்தக்காரருக்கு அவள் ஜெர்மனியில் படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். "என்ன படிக்கிறாள் எண்டு கேட்டால் என்ன சொல்லுறா?" என்றேன். "லொஜிஸ்டிக்ஸ். அது உண்மைதானே அன்ரி, நான் லொறி ஓடுறன்!" என்று சிரித்தாள். தை மாதம் பாதிப் பேர் ரஷ்ய எல்லைக் காவலுக்குப் பால்டிக் பக்கம் போகிறார்கள், தானும் அதில் ஒருத்தி, அங்கே பயங்கரக் குளிராம் என்றாள்.

சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில் இதை நான் அக்காவுக்குச் சொன்னேன். திட்டு விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். அக்கா கொப்பிகளைத் திருத்திக்கொண்டே கேட்டார். கடைசியில், "அந்தப் பெட்டைக்கு அங்கை ஆர் சமைச்சுக் குடுக்கிறது?" என்றார்.

"ஆமிக் குசினி இருக்கும் அக்கா."

"அதுகள் என்னத்தைக் குடுக்கப் போகுதுகள்," என்றார். அடுத்த வாரம் தன் வீட்டுப் பெரிய தாச்சியையும் ஒரு கிலோ உளுத்தம் பருப்பையும் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து நின்றார். இருவருமாக, பல நாள் கெடாத மெல்லிய பருத்தித்துறை வடை தட்டினோம். நான் தடிப்பாகத் தட்டுகிறேன் என்று மூன்று தரம் குறை சொன்னார். ஒரு தகரம் அந்தப் பிள்ளைக்கு, மற்றது அவளோடு போகிறவர்களுக்கு. "எல்லாரும் பிள்ளையள்தானே," என்றார். நான் அடுத்த வடையை எண்ணெயில் போட்டேன்.

அவர்கள் புறப்பட்ட காலை நல்ல பனி. முகாம் வாசலிலிருந்து பெரிய தெரு வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். குழந்தைகளோடு பிரிட்டிஷ் மனைவிமார், பக்கத்துத் தெரு ஜெர்மன் கிழவர்கள், தீயணைப்புப் படைத் தொண்டர்கள். சிலர் கையில் சின்னக் கொடி. அக்காவும் வந்திருந்தார். இரண்டு கம்பளித் தொப்பி போட்டு, கொடி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு என் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்.

பஸ்கள் மெல்ல வந்தன. எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே தொப்பி, கண்ணாடி முழுக்கப் பனிப்புகார். எந்த யன்னலில் எங்கள் பிள்ளை இருக்கிறாள் என்று பிடிபடவில்லை.

"எது அவள்?" என்றார் அக்கா.

"தெரியேல்லை அக்கா."

"அப்ப எல்லாருக்கும் காட்டு," என்றார். கடைசி பஸ் திரும்பும் வரைக்கும் நாங்கள் ஒரு யன்னலையும் விடாமல் கை காட்டினோம். பிறகு அக்கா, விரல் விறைத்துப்போச்சு, ஒரு கோப்பி குடிச்சால்தான் வீடு போய்ச் சேருவன் என்றார். மூலையில் இருந்த பேக்கரிக்குள் போனோம்.